உமி போடாத ஜாடி

கட்சிக்குப் பெயர் வைத்தவர் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார். பலகையில் எழுத மூன்று வரி பிடித்தது. அதனால் விருத்தாசலம் வட்டாரத்தில் யாரும் அதை முழுப்பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஏர்க்கொடிக் கட்சி என்றால்தான் தெரியும். மேற்கே நல்லூர், கிழக்கே சேத்தியாத்தோப்பு, தெற்கே ஸ்ரீமுஷ்ணம், அதோடு கட்சியின் எல்லை முடிந்தது. சட்டசபைக்கு இரண்டு தடவை நின்று இரண்டு தடவையும் டெபாசிட் போனது. இருந்தாலும் கட்சி கட்சிதானே? அறுபத்தொன்பதாம் வருஷம் தலைவர் நடராசன் ஐயா கண்ணை மூடியதும், அந்த நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

ஒருவர் ஐயாவின் மருமகன் விருத்தகிரி. வக்கீலுக்குப் படித்தவர், கோர்ட்டுப் பக்கம் போகாதவர். ரைஸ் மில் இருந்தது, இரண்டு பஸ் ஓடியது. இன்னொருவர் கட்சியின் செயலாளர் பச்சமுத்து. இவருக்கு மில்லும் இல்லை, பஸ்ஸும் இல்லை, பெண்டாட்டி பிள்ளையும் இல்லை. இளவட்டமாக இருக்கும்போது கட்சிக்கு வந்தவர், தலை நரைக்கும்வரை கட்சி ஆபீஸின் பின்னறையிலேயே படுத்து எழுந்தார். போஸ்டர் ஒட்டியது அவர், பசை காய்ச்சியது அவர், ஐயாவுக்கு மூட்டுவலி வந்தால் தைலம் தேய்த்துவிட்டதும் அவர்.

"ஏர்க்கொடிக் கட்சியில ஏரு ஐயா, கொடி நாங்க, மாடு பச்சமுத்து" என்று சொல்லிச் சிரிப்பார் சாமிதுரை.

அப்படிச் சொல்லிவிட்டுப் பச்சமுத்துவின் தோளில் கைபோடுகிற உரிமை சாமிதுரை ஒருவருக்குத்தான் இருந்தது. சேத்தியாத்தோப்புக் கிளையின் தலைவர் அவர். வாய்க்கால் தண்ணீருக்காக மறியல் செய்து, இருவரும் கடலூர் ஜெயிலில் ஒரே பாயில் படுத்தவர்கள். பொங்கல், தீபாவளி என்றால் பச்சமுத்துவுக்குச் சாப்பாடு சாமிதுரை வீட்டில்தான். அவர் பெண்டாட்டி ஆண்டாள் இவருடைய வயிற்றுக்கென்று காரம் குறைத்துத் தனியாக ஒரு குழம்பு வைப்பாள். உலகத்தில் தனக்கென்று ஓர் ஆள் உண்டு என்று பச்சமுத்து நம்பியிருந்தால் அது சாமிதுரைதான். மற்ற கிளைகளுக்கெல்லாம் சைக்கிள் மிதித்துப் போய் ஓட்டுக் கேட்டவர், சேத்தியாத்தோப்புக்கு மட்டும் போகவில்லை. சோற்றை எடுத்து வாயில் வை என்று தன் கையிடமே எவனாவது போய்க் கெஞ்சுவானா?

ஏர்க்கொடிக் கட்சியில் ஓட்டுப் போடுகிற விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். கை தூக்கும் வழக்கம் கிடையாது. கையைத் தூக்குகிறவன் பக்கத்தில் இருப்பவன் முகத்தைப் பார்த்துத்தான் தூக்குவான் என்பார் ஐயா. சீட்டில் எழுதிப் போடலாம் என்றால் பாதிப் பேருக்குக் கையெழுத்தே வராது. அந்தக் காலத்தில் குடத்தில் ஓலை போட்டு ஆள் எடுத்தார்களே, அதை நினைத்து ஐயா ஓர் ஏற்பாடு செய்தார். ஊரோ பீங்கான் ஊர். முழங்கால் உயரத்துக்கு இரண்டு ஊறுகாய் ஜாடி வாங்கி, ஒன்றின் கழுத்தில் சிவப்புத் துணியும் இன்னொன்றின் கழுத்தில் பச்சைத் துணியும் கட்டி, ஒரு தட்டிக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். கரண்டுக் கம்பி இழுக்கிறவர்கள் சுவரில் அடிக்கிற சின்னப் பீங்கான் குண்டு, கிளைக்கு ஒன்று, போட்டியிடுகிறவருக்கும் ஆளுக்கு ஒன்று. உள்ளே போ, பிடித்தவர் ஜாடியில் போடு, வெளியே வா. முதல் தடவை, "கட்சியில குண்டு போடப் போறாங்களாம்" என்று எவனோ கிளப்பிவிட, ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்து இரண்டு ஜாடிக்குள்ளும் எட்டிப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

இதில் ஒரே ஒரு சூட்சுமம். வெறும் ஜாடியில் குண்டு விழுந்தால் கணீரென்று கேட்கும். அதனால் இரண்டு ஜாடியிலும் ஒரு சாண் உயரத்துக்கு உமி போட்டு வைப்பார்கள். உமியில் விழுகிற குண்டு பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்காது. உமி போடுவது எப்போதும் பச்சமுத்துவின் வேலை. எதுதான் அவர் வேலை இல்லை?

மாநாடு நடந்தது ஜங்ஷன் ரோட்டில், வேர்க்கடலை மூட்டை அடுக்குகிற ஒரு மல்லாட்டை மண்டிக் கொட்டகையில். போட்டியிடுகிறவரும் பச்சமுத்துதான், பந்தல்காரனோடு மல்லுக்கு நிற்பவரும் பச்சமுத்துதான். அன்று காலை தட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து சிவப்பு ஜாடியில் உமியைக் கொட்டினார். சிவப்பு விருத்தகிரியுடையது, எதிராளியுடையதை முதலில் கவனிப்பதுதான் மரியாதை என்று அவருக்கு ஒரு கணக்கு. பச்சை ஜாடியை இழுக்கும்போது சமையல்காரர் கூச்சல் போட்டார்: விறகு ஈரம், பருப்பு வேகவில்லை.

முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட சாமிதுரை அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

"நீ போயி அடுப்பப் பாரு. இத நான் போட்டு வெக்கிறேன்" என்றார்.

"வேணாம்ப்பா. நீ அளவு தெரியாம கொட்டிடுவ. நானே வந்து போட்டுக்கிறேன். நீ போயி டீ குடி."

சாமிதுரை டீ குடிக்கப் போய்விட்டார். பச்சமுத்து விறகுக்குப் போனார், விறகிலிருந்து மைக்செட்டுக்கு, மைக்செட்டிலிருந்து வாழையிலைக்கு. திரும்பி வந்தபோது கொட்டகை நிறைந்திருந்தது. ஜாடி இரண்டும் அதனதன் இடத்தில் நிற்பதைப் பார்த்தார். எல்லாம் முடித்துவிட்டோம் என்று மனசு சொன்னது. ஆயிரம் வேலையைத் தலையில் போட்டுக்கொள்கிறவனுக்கு மனசு இப்படித்தான் பொய் சொல்லும்.

ஓட்டு தொடங்கியது. முதலில் நல்லூர்க் கிளை பக்கிரி குண்டை வாங்கிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனார்.

கணீர்!

கொட்டகையில் விசிறிக்கொண்டிருந்த துண்டுகள் நின்றன. பக்கிரியே பயந்துபோய் வெளியே வந்து, தான் எதையோ உடைத்துவிட்டது போலப் பார்த்தார். பச்சமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. பச்சை ஜாடி. உமி போடவில்லை. போட மறந்தேபோய்விட்டது.

எழுந்து, "கொஞ்சம் நிறுத்துங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. பாதி எழவும் எழுந்தார். ஆனால் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. தனக்காக ஒருவர் போட்ட ஓட்டு, தன் காதாலேயே கேட்ட ஓட்டு! இத்தனை வருஷத்தில் அவருக்காக என்று எதுவும் இப்படிச் சத்தம் போட்டதில்லை. அதற்குள் அடுத்தவர் போய்விட்டார். தனக்கோடி. "எங்காத்தா மேல சத்தியமா ஒனக்குத்தாண்ணே" என்று டீக்கடையில் தலையில் கைவைத்துச் சொன்னவர். ஒரு சத்தமும் இல்லை. தனக்கோடி சாதுவாக வெளியே வந்து உட்கார்ந்தார். பச்சமுத்துவும் உட்கார்ந்துவிட்டார்.

நாலைந்து பேர் போய் வருவதற்குள் கொட்டகைக்கே விஷயம் புரிந்துபோயிற்று. சத்தம் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. விருத்தகிரிக்கும் புரிந்தது. நாற்காலியைக் கொஞ்சம் தட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, வருகிறவர் ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். அவர் மில்லில் நெல் அரைக்கிறவர்களும், அவர் பஸ்ஸில் மகனைக் கண்டக்டராக ஏற்றிவிட நினைத்தவர்களும் அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது.

இப்போதாவது சொல்லியிருக்கலாம் பச்சமுத்து. சொன்னால் ஜாடியைக் கவிழ்த்து, உமியைப் போட்டு, மறுபடி முதலிலிருந்து நடக்கும். நியாயமாக நடக்கும். ஆனால் அதற்குப் பிறகு யார் யார் என்பது உமிக்குள் புதைந்துபோகும், தெரியவே தெரியாது. ஜெயிக்கிறதைவிடத் தெரிந்துகொள்கிறது அவருக்குப் பெரிதாகிவிட்டது. யார் சத்தம் வராவிட்டாலும் சாமிதுரையின் சத்தம் வரும். அதைக் கேட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தார். பைத்தியக்காரத்தனம்தான். தனியாகவே இருந்தவனுக்கு வேறு எதில் ஆசை வரும்?

சேத்தியாத்தோப்பு என்று கூப்பிட்டார்கள். சாமிதுரை வெற்றிலையைத் துப்பிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். விருத்தகிரி பக்கம் திரும்பக்கூட இல்லை. அவர் யாருக்கும் பயப்படுகிற ஆளில்லை என்பது கொட்டகைக்குத் தெரியும்.

பச்சமுத்து தட்டிப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டார்.

வெளியே ரோட்டில் ஒரு மாட்டுவண்டி போனது. அதன் சத்தம் கேட்டது. சாமிதுரை தட்டியை விலக்கிக்கொண்டு வந்து, பச்சமுத்து முகத்தைப் பார்க்காமல் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

காது அடைத்துக்கொண்டதோ என்று பச்சமுத்துவுக்குச் சந்தேகம். அடுத்தவர் போட்ட குண்டு கணீரென்று கேட்டதும் அந்தச் சந்தேகமும் போயிற்று. அப்புறம் வேறொன்று தோன்றியது. சாமிதுரை விவரமானவர். சத்தம் வருமென்று தெரிந்து, கையை ஜாடிக்குள் விட்டு அடியில் மெல்ல வைத்துவிட்டு வந்திருக்கலாம். அவர் ஏன் அப்படிச் செய்ய வேண்டும்? அதெல்லாம் யாருக்குத் தெரியும்! வைத்திருக்கலாம். முழுகுகிறவனுக்குத் துரும்பும் தெப்பம். மீதி ஓட்டுப் பூராவும் அந்தத் துரும்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மொத்தம் பதினோரு சத்தம் கேட்டது. தோற்றுவிட்டோம் என்று அப்போதே தெரிந்துவிட்டது. எண்ணும்போது பதினொன்றுக்கு மேல் இருந்தால் அது சாமிதுரை. அது போதும்.

போட்டியிடுகிறவர்கள் கடைசியில் போட வேண்டும். ஐயா இருந்தவரை தன் குண்டை எதிராளி ஜாடியில் போட்டுவிட்டு, அதை மேடையிலேயே சொல்லவும் செய்வார். தனக்குத் தானே மாலை போட்டுக்கொள்கிறவன் தலைவன் இல்லை என்பார். கட்சியில் அது எழுதாத சட்டம். விருத்தகிரி உள்ளே போய்ச் சத்தமில்லாமல் வந்தார். தன் ஜாடியிலேயே போட்டுக்கொண்டார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை. ஜெயிக்கிறவன் செய்தால் அது சாமர்த்தியம்.

பச்சமுத்து உள்ளே போனார். குனிந்து பச்சை ஜாடிக்குள் பார்த்தார். இருட்டில் வெள்ளையாகக் கொஞ்சம் குண்டுகள் கிடந்தன. எத்தனை என்று தெரியவில்லை. சிவப்பு ஜாடி உமியும் குண்டுமாக மேடிட்டு இருந்தது. ஐயா செய்ததுபோல அதில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அதற்காகத்தான் கையை நீட்டினார். சத்தியமாக அதற்காகத்தான். ஆனால் அடியில் கிடந்த அந்தக் கொஞ்சம் குண்டுகளைப் பார்த்தபோது அவருக்குத் தாங்கவில்லை. அவையும் அவரைப்போல ஆளில்லாமல் கிடந்தன. சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு, முழங்கைவரை கையை உள்ளே விட்டு, தன் குண்டை அவற்றின் பக்கத்தில் வைத்தார். ஒரு சின்னச் சத்தமும் இல்லை.

வெளியே வந்தால் கொட்டகை கைதட்டுகிறது! சத்தம் வரவில்லை, அப்படியானால் எதிராளிக்குப் போட்டுவிட்டு வந்திருக்கிறார், ஐயா வழக்கத்தைக் காப்பாற்றிவிட்டார். "பெரிய மனுசன்யா" என்று யாரோ கத்தினார்கள். விருத்தகிரி எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். பச்சமுத்து அந்த அணைப்புக்குள் கட்டையைப் போல நின்றார். அந்த நிமிஷம் பூமி பிளந்திருந்தால் உள்ளே போயிருப்பார்.

எண்ணி முடித்து முடிவை மைக்கில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அமைப்பாளர் வேறு யார்? சிவப்பு இருபத்தைந்து. பச்சை ஜாடியைக் கோணியில் கவிழ்த்தார்கள். எண்ணினார்கள். பன்னிரண்டு.

கொட்டகையில் சலசலப்பு. கேட்டது பதினொன்று, கிடப்பது பன்னிரண்டு. எவனோ ஒருவன் சத்தமில்லாமல் வைத்திருக்கிறான்! யாராயிருக்கும் என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தார்கள். பச்சமுத்து மட்டும் அந்தப் பன்னிரண்டு குண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். பதிமூன்று இருந்திருக்க வேண்டும். அந்தப் பதிமூன்றாவதுதான் சாமிதுரை. அது இல்லை. மைக்கைப் பிடித்து, விருத்தகிரி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று தெளிவாகவே சொன்னார். குரல் உடையவில்லை. உடைவதற்கும் யாராவது பக்கத்தில் வேண்டும்.

சாப்பாட்டுப் பந்தியில் தனக்கோடி வந்து காதோடு சொன்னார்.

"அண்ணே, அந்த ஒண்ணு நான்தான். கைய உள்ள உட்டு மெதுவா வெச்சேன். மில்லுல நெல்லு கெடக்குது பாருங்க, அதான். வெளிய சொல்லிடாதீங்க."

"தெரியும்ப்பா" என்றார் பச்சமுத்து.

கை கழுவுகிற இடத்தில் ஸ்ரீமுஷ்ணம் கலியமூர்த்தி பிடித்துக்கொண்டார். அவரும் கையை உள்ளே விட்டு வைத்தாராம். அப்புறம் மாதர் கிளைப் பெரியம்மாள், கண்ணில் தண்ணீரோடு. "ஒங்கள உட்டுக் குடுப்பனா? வளையல் சத்தம் கேக்கக் கூடாதுன்னு அத மேல ஏத்திக்கிட்டு வெச்சேங்க" என்றாள். எவ்வளவு நுணுக்கமான பொய்! பச்சமுத்து எல்லோரிடமும் தெரியும், தெரியும் என்றார். பந்தல் பிரிப்பதற்குள் அந்த ஒரே குண்டை வைத்த கைகள் ஏழெட்டு ஆகிவிட்டன. ஒவ்வொரு கையும் அவரைத் தொட்டுவிட்டுப் போகப் போக அவர் இன்னும் தனியாக ஆனார்.

இதில் இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். பதினோரு பேர் விருத்தகிரியின் சிரிப்பைத் தாண்டிப் போய், ஊரறியச் சத்தம் போட்டிருந்தார்கள். பக்கிரி பந்தியில் பச்சமுத்துவுக்கு நேர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். பச்சமுத்து இலையில் இருந்த ரசத்தைப் பார்த்தாரே தவிர, அந்தப் பதினோரு பேரில் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்தவர்களை எண்ணுகிற புத்தி அவருக்குக் கிடையாது, வராதவரைத்தான் தேடும்.

சாயங்காலம் பாத்திரக் கடைக்காரனுக்கு அண்டாவை ஒப்படைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தார். சேத்தியாத்தோப்பு பஸ் புறப்படத் தயாராக நின்றது. சாமிதுரை அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இவருக்காகத்தான் நிற்கிறார் என்பது தெரிந்தது. வழக்கமாகத் தோளில் கிடக்கும் துண்டைக் காணவில்லை.

"நான் ஒனக்குப் போடல" என்றார் சாமிதுரை, எடுத்த எடுப்பில்.

"தெரியும்." அன்று முழுவதும் சொன்ன அதே வார்த்தைதான். இப்போதுதான் அது நிஜம்.

"ஏன்னு கேக்க மாட்டியா?"

சாமிதுரையே சொன்னார்.

"நீ தலைவரா வந்தா எங்களுக்கு அங்க வேலையே இல்ல பச்ச. போஸ்டரும் நீ, மைக்கும் நீ, பருப்பு வெந்துச்சான்னு பாக்கறதும் நீ. நாங்க கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்கா கட்சி? விருத்தகிரிக்கு ஒண்ணும் தெரியாது. அதனாலயே நாலு பேரக் கேட்டுத்தான் ஆவணும் அவரு. இத ஒம் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னுதான் இருந்தேன். ஓட்டு கேக்க வருவ, அப்ப சொல்லலாம்னு பாத்தேன். ஊரூரா சைக்கிள்ல போன. எங்கூருக்கு மட்டும் நீ வரல."

தனக்கு வருவது கோபமா, அழுகையா என்று பச்சமுத்துவுக்கே தெரியவில்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஆரன் அடித்தார். சாமிதுரை கிட்டே வந்தார். முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது, ஜெயிலில் ஒரே பாயில் படுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு.

"அத உடு. அந்தப் பன்னெண்டாவது குண்டு நீ போட்டதுதான?"

கேலியே இல்லை அதில். "ஆமாண்டா" என்று சொன்னால் போதும். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கும்படி சிரித்திருப்பார்கள். வார்த்தை நுனி நாக்குவரை வந்தது. ஆனால் கொட்டகையின் கைதட்டல் காதில் இருந்தது. பெரிய மனுசன் என்ற பட்டம் இருந்தது. அது ஒன்றுதான் அன்று அவருக்குக் கிடைத்தது. அதையும் விட்டுவிட்டால் கையில் என்ன இருக்கிறது?

"இல்லப்பா. எவனோ ஒரு புண்ணியவான்" என்றார்.

சாமிதுரையின் சிரிப்பு மெல்ல இறங்கிப்போயிற்று.

"அப்படியா? சரி. வரேன்."

பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாகப் பச்சமுத்து பார்த்தார். இரண்டு பேர் சீட்டு முழுக்க அந்தத் துண்டு விரிந்து கிடந்தது, இரண்டு பேருக்கும் இடம் பிடித்து. சாமிதுரை துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தானே நகர்ந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் காலியான இடத்தில், கூடையோடு நின்றிருந்த ஒருத்தி உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது.